எடை குறைக்கும் ஊசியும் நான் வாங்கிக்கொண்ட பாராட்டும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நம் பள்ளியின் கேள்விப் பெட்டியைத் திறந்தால் தலாக், பாகப்பிரிவினை, பேங்க் வட்டி, இந்த மூன்றும்தான் வழக்கமாக இருக்கும். இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வாரத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டால் உடல் எடை குறைகிறதே, அந்த ஊசி போடலாமா? ஹலாலா? ஆணும் பெண்ணும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர், “பல்லி எச்சிலில் இருந்து எடுக்கிறார்களாமே ஹஜ்ரத்” என்று பயந்துபோய் எழுதியிருக்கிறார்.

முதலில் அதற்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அது எளிதான பகுதி.

நாம் சாப்பிடும்போது நம் குடலில் இருந்து ஜிஎல்பி-1 என்ற ஒரு சுரப்பு வெளிப்படுகிறது. இன்சுலினைச் சுரக்கத் தூண்டுவது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது, ‘போதும்’ என்ற செய்தியை மூளைக்குச் சொல்வது, இவையெல்லாம் அதன் வேலை. அல்லாஹ் நம் உடலுக்குள் வைத்திருக்கும் இந்தத் தூதுவரின் ஆயுள் ஓரிரு நிமிடங்கள்தான். அதே வேலையை ஒரு வாரம் வரை செய்யும்படி அமைத்த மருந்துதான் செமாக்லுடைட். ஓசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் அது விற்பனையாகிறது. மௌன்ஜாரோ என்ற பெயரில் வரும் டிர்செபடைட் இதோடு இன்னொரு குடல் சுரப்பின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. சுகர் நோயாளிகளுக்காகத்தான் இவை முதலில் வந்தன. அமெரிக்காவில் 2017-இல் சுகருக்கு அனுமதி பெற்ற செமாக்லுடைட், 2021-இல்தான் உடல் பருமனுக்கு அனுமதி பெற்றது. நம் நாட்டில் மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் விற்பனைக்கு வந்தன.

செமாக்லுடைடை ஈஸ்ட் கொண்டு தயாரிக்கிறார்கள். டிர்செபடைடை வேதிமுறையில் உருவாக்குகிறார்கள். பன்றியும் இல்லை, பல்லியும் இல்லை. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஒரு பல்லியின் விஷத்தில் இதையொத்த பொருள் இருப்பதை 1990-களில் கண்டறிந்தார்கள். அதை வைத்து எக்ஸெனடைட் என்ற மருந்து 2005-இல் வந்தது. அந்தப் பொருளையும் ஆய்வுக்கூடத்தில்தான் செய்தார்கள். வாட்ஸ்அப்பில் ஓடும் கதைக்கு மூலம் இதுதான்.

நோன்பு முறியுமா? தோலுக்கடியில் போடும் ஊசி திறந்த துவாரம் வழியாக வயிற்றுக்குப் போவதில்லை, உணவாகவும் ஆவதில்லை. உணவுச் சத்து ஏற்றுவது தவிர்ந்த ஊசிகளால் நோன்பு முறியாது என்று ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-இல் தீர்மானித்திருக்கிறது. பேணுதலுக்காக இரவில் போட்டுக்கொள்வது நல்லது. வாரத்துக்கு ஒரு முறைதானே.

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை ஏவினார்கள். முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. ஆகவே தேவையுள்ளவர், டாக்டர் எழுதிக்கொடுத்து, அவர் கண்காணிப்பில் போட்டுக்கொண்டால் அதில் குற்றமில்லை. தவக்குலுக்கும் அது முரண் இல்லை.

பதில் முடிந்துவிட்டது. ஆனால் நான் இன்று மிம்பருக்கு வந்தது இதற்காக மட்டும் அல்ல.

அன்பானவர்களே! எட்டு மாதங்களாக நானும் அந்த ஊசியைப் போட்டுவருகிறேன்.

எனக்குச் சுகர் வந்து ஆறு வருடம். மூன்று மாத சராசரி ஒன்பதைத் தாண்டி நின்றது. எடை 98 கிலோ. இமாமின் சாப்பாடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கத்தம் ஃபாத்திஹா, வலீமா, வீடு குடிபுகுதல், எல்லாவற்றிலும் முதல் சஹனில் நம்மை உட்காரவைப்பீர்கள். கை எடுத்தால் வீட்டுக்காரர் முகம் வாடும். அவ்வளவும் நான் சொல்லிக்கொண்ட சாக்கு. யாரும் அழைக்காத நாளிலும், இஷா முடிந்து வீட்டுக்குப் போனால் என் மனம் அடுப்படியிலேயேதான் சுற்றும். டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார்; கடைசியில் இந்த ஊசியை எழுதினார். என் சம்பளத்துக்கு அது எட்டாது என்பதும் உங்களுக்குத் தெரியும். அபுதாபியில் இருக்கும் என் மச்சான் பணம் அனுப்புகிறார். ஒவ்வொரு வெள்ளி இரவும், அதாவது வியாழன் இஷாவுக்குப் பிறகு, ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

இப்போது 84 கிலோ. நீங்கள் பார்த்தீர்கள், பார்த்துச் சொன்னீர்கள். “ஹஜ்ரத் திங்கள் வியாழன் நோன்பு விடாம பிடிக்கிறாங்க போல, முகத்துல நூர் இறங்குது” என்று ஒரு பெரியவர் இதே வாசலில் சொன்னார். நான் சிரித்தேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். பொய் சொல்லவில்லை. அல்ஹம்துலில்லாஹ் எப்படிப் பொய்யாகும்? ஆனால் அந்தச் சிரிப்பு பொய். அந்த மாதங்களில் ஒரு திங்கள்கூட நான் நஃபில் நோன்பு வைக்கவில்லை.

இதை நானே எனக்கு நியாயப்படுத்திக்கொண்டேன். நோயை ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. மருந்தை மறைப்பதும் பாவம் இல்லை. இது உண்மைதான், உங்களுக்கும் சொல்கிறேன். ஊசி போடுகிறவர் எவரையும் பிடித்து “என்ன செய்து மெலிந்தீர்” என்று துருவாதீர்கள். அது அவருடைய அமானிதம். நான் தவறியது மௌனத்தில் அல்ல, இன்னொரு கணக்கில் வரவேண்டிய புகழை என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டதில். செய்யாத காரியத்துக்குப் புகழப்படுவதை விரும்புகிறவர்களை ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 188-ஆவது வசனம் எச்சரிக்கிறது. அந்த வசனத்தை வைத்து அரசியல்வாதிகளைப் பற்றி நான் பயான் செய்திருக்கிறேன். நல்ல பயான் என்று நீங்களும் சொன்னீர்கள்.

அதன் பிறகு ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். பெயரும் தெருவும் சொல்ல மாட்டேன். உடல் கனத்தவர். சிறுவயதில் மதரஸாவிலேயே அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. என்னைப் பார்த்து அவர் மூன்று மாதம் திங்கள் வியாழன் நோன்பு வைத்திருக்கிறார். மஃரிப் பாங்கு சொன்னதும் கை நடுங்க நடுங்கச் சாப்பிட்டிருக்கிறார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. “உங்க ஈமான்ல பாதிகூட எனக்கு இல்ல ஹஜ்ரத்” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஸப்ரு செய்ங்க தம்பி. நிய்யத்தச் சரி பண்ணுங்க.” வீட்டு ஃபிரிட்ஜில் அடுத்த வார ஊசி இருக்கிறது, நான் அவருக்கு நிய்யத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்டம் வாங்கி இருபது வருடம் கழித்து, ஓதிய பாடத்தில் ஒரு சொல் வந்து நெஞ்சில் இடித்தது. அஸ்மா (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தனக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதுபோலக் காட்டிக்கொள்பவரை, பொய்யால் ஆன இரண்டு ஆடைகளை உடுத்தியவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். அந்த ஆளுக்கு அரபியில் வந்திருக்கும் சொல் ‘முதஷப்பிஃ’. ‘ஷிபஃ’ என்றால் வயிறு நிறைதல். அதிலிருந்து பிறந்த சொல் இது: வயிறு நிறையாதவன் நிறைந்ததாகக் காட்டிக்கொள்வது. கல்லூரியில் உஸ்தாத் இந்தச் சொல்லுக்கு ஸர்ஃபு கேட்டபோது நான் தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். அதன் பொருள் என் உடம்பின் மேல் உடுத்தப்பட்டிருக்கும் என்று அன்று நினைக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அவர் கடைக்குப் போனேன். ஊசியைச் சொன்னேன், நோன்பு வைக்காததையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கல்லாப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “மூணு மாசமா அல்லாஹ்கிட்ட கோவிச்சுக்கிட்டு இருந்தேன் ஹஜ்ரத். அவருக்குக் கொடுத்தே, எனக்கு ஏன் கொடுக்கலேன்னு.”

சகோதரர்களே, ஓர் அடியான் தன் ரப்பிடம் கோபித்துக்கொண்ட மூன்று மாதம் யாருடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்கும்? என் சிரிப்பு அங்கேதான் போய் நின்றது.

இதற்கு முன்னும் நான் ஒன்று செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், மூஃமின் ஒரு குடலில் உண்பதாகவும் இறைமறுப்பாளன் ஏழு குடல்களில் உண்பதாகவும் வரும் ஹதீஸை எடுத்து, தொப்பையைப் பற்றி இதே இடத்தில் பேசினேன். கூட்டம் சிரித்தது. நவவீ போன்ற இமாம்கள் அந்த ஹதீஸுக்குப் பல விளக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். ஆசையின் அளவைச் சொல்வது, உலகப் பற்றைச் சொல்வது என்றெல்லாம் பேசப்பட்டிருக்கிறது. கனத்த உடம்புள்ளவரின் ஈமானை எடைபோட அவர்கள் யாரும் அதைத் தராசாக்கவில்லை. நான் ஆக்கினேன். (குடலில் ஊறும் சுரப்பைப் பற்றிச் சொன்னதும், இந்த ஹதீஸில் விஞ்ஞான அற்புதம் இருக்கிறது என்று யாரும் வீடியோ போட்டுவிட வேண்டாம்.)

முஃமின்களின் அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடலும் மெதுவான நடையும் உள்ளவர்கள். ஹஜ்ஜில் முஸ்தலிஃபாவில் இருந்து, கூட்ட நெரிசலுக்கு முன்னதாகவே புறப்பட அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்தார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் இருக்க, அவருக்கு மட்டும் ஏன் சலுகை என்று யாரும் கேட்டதாக இல்லை. உணவைக் குறைக்கும்படி அந்த இடத்தில் ஓர் உபதேசமும் இல்லை. தனக்கும் அந்த அனுமதியைக் கேட்டிருக்கலாமே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னர் ஆசைப்பட்டதாகத்தான் புகாரியில் வருகிறது.

இப்படிச் சொல்வதால், வயிற்றை மூன்றாகப் பிரித்து உணவுக்கும் தண்ணீருக்கும் மூச்சுக்கும் வைக்கச் சொன்ன, மிக்தாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று எண்ணாதீர்கள். அஃராஃப் அத்தியாயம் 31-ஆவது வசனத்தில் உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்லாஹ், வரம்பு மீறுவதைத் தடுத்திருக்கிறான். நம் வலீமாக்களில் இலைக்கு இலை மிஞ்சும் பிரியாணி அந்த வரம்பு மீறலில்தான் சேரும். இந்தியாவில் பத்துக் கோடி பேருக்கு மேல் சுகர் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-இல் சொன்னது. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். நம் மஹல்லாவின் கணக்கை நான் சொல்ல வேண்டாம்.

ஆனால் ஊசி எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. முதல் இரண்டு மாதத்திலேயே, இஷாவுக்குப் பிறகு அடுப்படியைச் சுற்றிய மனம் அடங்கிவிட்டது. நான் எந்த முஜாஹதாவும் செய்யவில்லை. வயிற்றில் ஒரு சிறு குத்து, அவ்வளவுதான். நஃப்ஸின் இச்சை என்று நான் இருபது வருடம் பெயர் சொல்லிக் கண்டித்ததில் ஒரு பங்கு நஃப்ஸ் இல்லை, உடம்பின் அமைப்பு. சிலருக்கு ‘போதும்’ என்ற செய்தி சீக்கிரம் வருகிறது. சிலருக்குப் பிந்தி வருகிறது. சீக்கிரம் வருகிறவர் தன்னைப் பேணுதலானவர் என்று நினைத்துக்கொள்கிறார். அது அவர் சம்பாதித்தது அல்ல, ரிஸ்க்கைப் போலப் பங்கிடப்பட்டது. அவர் நன்றி சொல்லலாம். அடுத்தவர் தட்டைப் பார்த்துத் தலையாட்டக் கூடாது.

அதேபோல, ஊசி நம்மைத் திருத்துவதும் இல்லை. செமாக்லுடைட் போட்டுக்கொண்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாக 2021-இல் வந்த ஆய்வு காட்டியது. மருந்தை நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக அதன் தொடர்ச்சி காட்டியது. நஃப்ஸைப் பக்குவப்படுத்தும் மருந்தாக இருந்திருந்தால் நிறுத்திய பின்னும் பக்குவம் நின்றிருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர் பொறுமைசாலி ஆகிவிடுவதில்லை. நானும் ஸாஹித் ஆகிவிடவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சென்ற ரமளானில் எனக்குப் பசிக்கவில்லை. டாக்டரைக் கேட்டு, மாத்திரைகளின் நேரத்தை மாற்றி, இன்ஷா அல்லாஹ் என்று நோன்பு வைத்தேன். அஸர் வந்தது, மஃரிப் வந்தது, வயிறு ஒன்றுமே கேட்கவில்லை. நோன்புக் கஞ்சியின் மணம் பள்ளி முழுக்க இருந்தது. எனக்கு அது ஒரு மணம், அவ்வளவுதான். நோன்பாளிக்கு இரண்டு மகிழ்ச்சிகள் என்பார்களே, அதில் முதலாவதான நோன்பு திறக்கும்போது வரும் மகிழ்ச்சி எனக்கு வரவில்லை. நோன்பு கூடியதா? கூடியது. நிய்யத்தும் தடுத்துக்கொள்வதும்தான் நோன்பு. பசி அதன் ஃபர்ளுகளில் இல்லை. ஆனாலும் இஹ்யாவில் வயிற்றின் இச்சையை உடைப்பது பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதிய பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சொல்லும் பசியின் பலன்களில் ஒன்று, பசித்தவனை மறவாதிருப்பது. எனக்கு அது மறந்துபோனது. பள்ளி வாசலில் சஹருக்குச் சோறு கேட்டு வரும் அம்மாவை இருபத்தேழாம் இரவில்தான் கவனித்தேன். முதல் நாளில் இருந்தே வந்துகொண்டிருந்தாராம். முந்தைய வருடங்களில் என் வயிறு எனக்கு நினைவூட்டும். இந்த வருடம் நானே குறித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. குறிக்கவில்லை. இப்போது வெள்ளி இரவு ஊசி எடுக்கும்போது, அந்த வாரம் யார் வீட்டுக்குச் சோறு போக வேண்டும் என்பதை முதலில் எழுதிவிட்டுத்தான் போட்டுக்கொள்கிறேன். இது ஃபத்வா இல்லை, என் ஏற்பாடு.

நேரம் குறைவு. இன்னும் ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிக்காஹ் பேசி முடித்தபின், “பொண்ணு ஒரு பத்துக் கிலோ குறைஞ்சா நல்லாயிருக்கும்” என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி, பெண்ணின் தகப்பனார் யார் யாரையோ பிடித்து, டாக்டரைப் பார்க்காமல் ஊசி வாங்கியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்குச் சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. வாந்தியில் துவண்டு, கடைசியில் ட்ரிப்ஸ் ஏற்றும்படி ஆகிவிட்டது. கைக்கூலி கேட்பது வெட்கம் என்று நாம் பேசிப்பேசி ஓரளவு குறைத்தோம். இப்போது கிலோக் கணக்கில் கேட்கிறார்கள். இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து. கணையத்தில் அழற்சி வரலாம், பித்தப்பையில் கல் வரலாம். ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் போடவே கூடாது. செமாக்லுடைடைக் கருத்தரிக்க நினைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்கிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய மாதம் வரை போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் இதை யார் சொல்லியிருப்பார்கள்? தன் கைகளாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்பது அல்லாஹ்வின் கட்டளை. மகளைத் தள்ளுவது அதைவிடப் பெரிது. அந்த மாப்பிள்ளை வீட்டார் இங்கே இருந்தால், அவர்களிடம் நான் தனியே வந்து பேசுவேன்.

விலையையும் பாருங்கள். மௌன்ஜாரோ இங்கே வந்தபோது குறைந்த அளவு ஊசி ஒன்று 3,500 ரூபாய், அடுத்த அளவு 4,375. மாதத்துக்கு நான்கு. அழகுக்காக வசதியுள்ளவர்கள் வாங்கிக் குவித்ததும் சேர்ந்துதான், 2022-க்குப் பிறகு பல நாடுகளில் சுகர் நோயாளிகளுக்கே இந்த மருந்து கிடைக்காமல் போனது. மச்சான் அனுப்பும் பணத்தில் போட்டுக்கொள்ளும் எனக்கும் இதில் கேள்வி கணக்கு உண்டு. இதே தெருவில், இன்சுலின் வாங்கக் காசில்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறவர் இருக்கிறார். பைத்துல்மாலில் இருந்து அவருக்கு மாதம் தவறாமல் கொடுக்க முடியுமா என்று முதவல்லியிடம் கேட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு கமிட்டியில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நூர் இறங்குகிறது என்று சொன்ன அந்தப் பெரியவரிடம் காலையில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, “அந்த ஊசி பேரு என்ன, எழுதிக் கொடுங்க ஹஜ்ரத், எனக்கும் முட்டி வலிக்குது” என்றார். நான் டாக்டரின் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன். கேள்விப் பெட்டியில் எழுதிய மற்றவர்களும் அஸருக்குப் பிறகு வாருங்கள், அதே சீட்டைத் தருகிறேன்.

மோதினார் இரண்டாம் பாங்குக்கு எழுந்துவிட்டார். ஸஃப்புகளில் இடைவெளி இல்லாமல் முன்னே வாருங்கள்.